முதுகு காட்டித் தாக்கிய தனக்கோடி

தனக்கோடி ஒரு தடவைதான் செத்தான். அவன் இடத்தில் நின்று நான் ஒன்பது தடவை செத்திருக்கிறேன். அவனும் நானும் ஒரே உயரம், ஐந்தடி மூன்றங்குலம். அதனால் கேசு நடந்த மூன்று வருஷமும், செத்தவர் வேண்டும் என்று யார் கேட்டாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். மரக்காணம் உப்பளம். சித்திரை மாதம், காலை ஆறரை மணி. தனக்கோடி அவன் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தான். நான் பக்கத்துப் பாத்தியில். எங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவருகிற டிராக்டர் மூன்று நாளாக வரவில்லை. முந்தின நாள் தனக்கோடிதான் குத்தகைதாரர் கிருபாகரனிடம் போய்க் கேட்டான். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டான். மறுநாள் காலையில் கிருபாகரன் வந்து தனக்கோடியின் வரப்பில் நின்றார். இடுப்பில் லைசென்ஸ் வாங்கிய கைத்துப்பாக்கி இருந்தது. எடுத்தார், சுட்டார். குண்டு முதுகில் போனது. தனக்கோடி வாரின உப்பின் மேலேயே விழுந்தான்.

உப்பு வாருகிற பலகையைத் தூக்கிக்கொண்டு என்னை அடிக்க வந்தான், தற்காப்புக்குச் சுட்டேன் என்று கிருபாகரன் சொன்னார்.

"அடிக்க வந்தவருக்கு முதுவுல எப்படிண்ணே குண்டு படும்?" என்று அமராவதி என்னிடம் கேட்டாள். அமராவதி தனக்கோடியின் மனைவி. எங்கள் அளத்திலேயே உப்பு சுமக்கிறவள். மூன்று வருஷமும் அவள் கேட்டது இந்த ஒரு கேள்விதான். அவளுக்கு வேண்டியிருந்ததும் ஒன்றுதான். "எங்க ஊட்டுக்காரரு யாரையும் அடிக்கப் போவலன்னு கோர்ட்டு வாயால ஒரு வார்த்த வரணும். வேற இன்னா கேக்கறேன் நானு?"

கண்ணால் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான்.

ஸ்டேஷனில் ரைட்டர் என் வாக்குமூலத்தை எழுதி முடித்து, மை டப்பாவைத் திறந்து என் கட்டை விரலைப் பிடித்தார்.

"படிச்சிட்டுக் கையெழுத்தே போட்டுடறேங்க."

"படிப்பியா?"

"ரெண்டு புள்ள பொறந்தப்புறம் அறிவொளியில கத்துக்கிட்டதுங்க. மெதுவாத்தான் படிப்பேன்."

மெதுவாகத்தான் படித்தேன். மூன்று பக்கத்துக்கு நாற்பது நிமிஷம் ஆனது. இரண்டாவது பக்கத்தில் 'தனக்கோடி வெறியோடு பாய்ந்து' என்று இருந்தது. இது நான் சொல்லவில்லையே என்றேன். ரைட்டருக்கு மனசு விட்டுப்போயிற்று.

"படிக்கத் தெரியும்னு முன்னாடியே சொல்லக் கூடாதா? வேற மாதிரி எழுதியிருப்பேன் இல்ல?" என்றார்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். அமராவதியை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாக விளக்கினார்.

"இதோ பாரும்மா. சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம். சுட்டவர் மேல ஒரு கேஸ் போட்டிருக்கோம். உன் புருஷன் மேல ஒரு கேஸ் போட்டிருக்கோம், கொலை முயற்சி. ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு. யாருக்கும் வஞ்சனை பண்ணல."

"அவருதான் செத்துட்டாரேங்க."

"அதனாலதான் அவரை அரெஸ்ட் பண்ணல. அந்தச் சலுகையும் குடுத்தாச்சு."

அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் பின்னால், பிடித்துவைத்த வண்டிகளுக்கு நடுவில் என்னைத் தனக்கோடியாக நிறுத்தினார்கள். ஒரு கான்ஸ்டபிள் கிருபாகரனாக நின்றார்.

"பாய்யா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவன் பாயலைங்களே."

"யோவ், நீ பாயாம, அவன் பாய்ஞ்சானா இல்லையான்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாய்."

பாய்ந்தேன். கான்ஸ்டபிள் "டுமீல்" என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன்.

"குண்டு முதுகுலய்யா! முதுகைப் பிடி!"

முன்னால் பாய்ந்துகொண்டே முதுகில் குண்டு வாங்குவது சிரமமாக இருந்தது. மூன்று தடவை செத்தும் சரியாக வரவில்லை. 'சாட்சி ஒத்துழைக்கவில்லை' என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

அடுத்து தடயவியல் நிபுணர் வந்தார். அதற்கு முன்னால் உப்பு வாருவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஏழடிக் கழியின் நுனியில் ஒரு பலகை. அதைப் பாத்தியில் வைத்து நம் பக்கமாக இழுக்க வேண்டும். இழுத்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும், குதிகாலில் வரப்பு தட்டுகிற வரைக்கும். முன்னால் தள்ளிக்கொண்டு போனால் அடிமண் கலங்கி உப்பு கெட்டுவிடும். பின்னால் நடக்கிறபோது நம் கால் பதிந்த இடத்தையெல்லாம் நம் பலகையே வழித்துக்கொண்டு வந்துவிடும். முடித்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பக்கம் ஆளே வராத மாதிரி இருக்கும்.

நிபுணர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பாத்தியை ஒரு மணி நேரம் பார்த்தார். அப்புறம் ரிப்போர்ட் கொடுத்தார். இறந்தவரின் காலடித் தடம் பாத்தியில் எங்குமே இல்லை, ஆகவே அவர் தரையில் கால் படாமல் வந்திருக்கிறார், அதாவது பாய்ந்திருக்கிறார்.

"பாத்தி நாப்பதடி இருக்குதுங்க," என்றேன்.

"அதனால?"

"நாப்பதடி எப்படிங்க ஒருத்தன் பாய முடியும்?"

"கோபம் வந்தா மனுஷனால என்ன வேணாலும் முடியும் பெரியவரே. நாங்க சயின்ஸ் படிச்சவங்க."

அங்கே ரெண்டு தடவை செத்தேன். ஒன்று டேப் வைத்து அளப்பதற்கு. இன்னொன்று போட்டோவுக்கு.

எதிர்த்தரப்பு வக்கீல் சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியைக் கொண்டுவந்தார். சம்பவத்தைப் படமாக்கிக் கோர்ட்டில் போட்டுக் காட்டப் போகிறார்களாம். அவர்களுக்கும் செத்தவர் தேவைப்பட்டார். வேறு யாருக்கும் அந்தப் பார்ட் பழக்கமில்லை என்று கோர்ட்டு உத்தரவு வாங்கி என்னையே கேட்டார்கள். உடம்பு முழுக்க வெள்ளை உருண்டைகளை ஒட்டி மூன்று தடவை சாகவிட்டார்கள். கணக்கு எட்டு ஆனது.

படத்தைக் கோர்ட்டில் போட்டபோது அமராவதி எழுந்து நின்றுவிட்டாள். திரையில் ஆறடிக்கு மேல் ஒருத்தன், மார்பெல்லாம் தசை, கையில் பலகையோடு வானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

"இது யாருண்ணே?" என்றாள்.

கம்ப்யூட்டர்காரப் பையன் திரும்பி, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னான். "எங்க சாஃப்ட்வேர்ல ஒல்லியா ஆள் இல்லம்மா. இதுதான் இருக்கறதுலயே சின்ன சைஸ்."

என் சாட்சி விசாரணைக்கு முந்தின நாள் அரசு வக்கீலம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெரியவரே, ரொம்பப் பேச வேணாம். தனக்கோடி சும்மா நின்னுட்டிருந்தார்னு மட்டும் சொல்லுங்க. அது போதும், நான் பாத்துக்கறேன்."

"சும்மாவாங்க?"

"சும்மா."

ராத்திரியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்தேன். வாயில் வரவில்லை. வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்துவிடுகிற நேரம் அது. அந்த நேரத்தில் தனக்கோடி பாத்தியில் சும்மா நின்றான் என்று சொன்னால் அளத்தில் நாற்பது பேரும் சிரிப்பார்கள். செத்தவனைச் சோம்பேறி என்று கூண்டில் ஏறி எப்படிச் சொல்வது?

மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"எத்தனை வருஷமா உப்பு வாரறீங்க பெரியவரே?"

"நாப்பது வருஷமாங்க."

"தனக்கோடி வேலையில எப்படி?"

"கெட்டிக்காரன். எங்க அளத்துலயே வேகம் அவன்தான்."

"அப்போ அன்னிக்குச் சும்மா நிக்கல?"

அரசு வக்கீலம்மா என்னைப் பார்த்தார்.

"சும்மா நிக்கிற ஆளு இல்லைங்க அவன். உப்பு இழுத்துக்கிட்டு வந்தான்."

"எந்தப் பக்கமா?"

"வரப்புப் பக்கமா."

"வரப்புல யார் நின்னா?"

"இவருதாங்க."

"தனக்கோடி கையில?"

"பலகை."

"வேகமா வந்தாரா?"

"அவன் எப்பவும் வேகந்தாங்க."

"முகத்தைக் காட்டிக்கிட்டு வந்தாரா, முதுகைக் காட்டிக்கிட்டு வந்தாரா?"

"முதுவுதாங்க," என்றேன். அமராவதிக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "எங்க வேலையில யாரும் முன்னால போறதில்லைங்க. எல்லாரும் பின்னாலயேதான் போவோம்."

உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. முதுகு என்று கோர்ட்டில் சொல்லிவிட்டேன். வேலை செய்துகொண்டிருந்தவனை முதுகில் சுட்டிருக்கிறார் என்று இனிமேல் யாருக்குத்தான் விளங்காது? வக்கீலுக்கும் சந்தோஷமாக இருந்த மாதிரி தெரிந்தது. அது ஏன் என்றுதான் பிடிபடவில்லை.

அவர் நீதிபதி பக்கம் திரும்பினார்.

"யுவர் ஆனர், மூணு வருஷமா இந்த ஊரே ஒரு கேள்வி கேக்குது. டிவியில கேக்கறாங்க, போஸ்டர்ல கேக்கறாங்க. தாக்க வந்தவருக்கு முதுகுல எப்படிக் குண்டுன்னு. இன்னிக்குப் பதில் வந்திருக்கு. சொன்னது நான் இல்ல, அரசுத் தரப்புச் சாட்சி. நாம எல்லாம் ஒருத்தரை அடிக்கப் போனா முன்னால போவோம். உப்பளத் தொழிலாளி எப்படிப் போவார்? பின்னாலதான் போவார். நாப்பது வருஷப் பழக்கம். ஆகவே முதுகுல குண்டு பட்டதுதான் அவர் என் கட்சிக்காரரை நோக்கி வந்தார்ங்கறதுக்கு ஒரே ஆதாரம். நெஞ்சுல பட்டிருந்தாதான் நாங்க சந்தேகப்பட்டிருக்கணும்."

"ஐயா," என்றேன், "பின்னால போறவனுக்கு, பின்னால யாரு நிக்கறாங்கன்னே தெரியாதுங்க."

"பாத்தீங்களா யுவர் ஆனர்? யார் நிக்கறாங்கன்னுகூடப் பாக்காம வந்திருக்கார். எவ்வளவு ஆத்திரம் இருந்திருக்கணும்!"

நீதிபதி பேனாவை மூடிவைத்தார். "நீதிமன்றம் இதை நேரில் காண விரும்புகிறது," என்றார்.

சிவப்பு அரக்கு முத்திரையும் சீட்டும் தொங்க, தனக்கோடியின் பலகையைக் கொண்டுவந்தார்கள். அதில் 'ஏழடி நீளமுள்ள கொடிய ஆயுதம்' என்று எழுதியிருந்தது. எங்கள் அளத்தில் விடிந்தால் நாற்பது கொடிய ஆயுதம். எதிர்த்தரப்பு வக்கீல் கிருபாகரனாகப் போய்க் கூண்டுக்கு முன்னால் நின்றார். பெஞ்சுகளை ஒதுக்கினார்கள். நான் டைப்பிஸ்ட் மேஜையிலிருந்து தொடங்கி, கோர்ட்டுத் தரையில் இல்லாத உப்பை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தேன்.

அளமாக இருந்தால் குதிகாலில் வரப்பு தட்டும், நின்றுவிடுவோம். கோர்ட்டில் வரப்பு இல்லை. எங்கே நிற்பது என்று காலுக்குத் தெரியவில்லை. முதுகில் ஏதோ மெத்தென்று இடித்தது. திரும்பிப் பார்த்தால் வக்கீல் கீழே கிடந்தார். பேப்பர் எல்லாம் பறந்து கிடந்தது.

"நானே பயந்துட்டேன், யுவர் ஆனர்!" என்று அவர் படுத்தபடியே சொன்னார்.

நீதிபதி டைப்பிஸ்டைப் பார்த்துச் சொன்னார்: "சாட்சி பின்னோக்கி வந்து வழக்கறிஞரைச் சாய்த்தார். வழக்கறிஞர் உண்மையாகவே அஞ்சியதை இந்நீதிமன்றம் கண்ணால் கண்டது."

ஒன்பதாவது தடவை அதுதான். யாரும் டுமீல் என்று சொல்லவில்லை. நானாகவே விழுந்துகொண்டேன். பழக்கம்.

கிருபாகரனையும் பேசச் சொன்னார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பேசினார்.

"எனக்கு எந்தத் தொழிலாளி மேலயும் கோபம் இல்லைங்க. பயம்தான். இருவது வருஷமா அளம் நடத்தறேன். கண்ணு கூசுது, கறுப்புக் கண்ணாடி வேணும்னு கேட்டாங்க. தரேன்னு சொன்னேன், தரல. பொம்பளைங்க ஒதுங்க ஒரு மறைப்பு கட்டித் தரச் சொன்னாங்க. ரெண்டு தடவை அடிக்கல் நாட்டினேன், கட்டல. கால்ல புண்ணு, பூட்ஸ் வேணும்னாங்க. அளவு எடுத்தேன், அதோட சரி. கடைசியா மூணு நாள் குடிக்கத் தண்ணிகூட அனுப்பல, சித்திரை வெயில்ல. இவ்வளவு பண்ணியிருக்கேன். ஒருத்தன் என்னை அடிக்க வர மாட்டானா? நீங்களே சொல்லுங்க. வராம இருந்தாத்தான் ஆச்சரியம். அதனாலதான் துப்பாக்கியே வாங்கினேன்."

"இதைவிட நியாயமான அச்சம் இருக்க முடியுமா?" என்று வக்கீல் கேட்டார். இருக்க முடியாது என்கிற மாதிரிதான் எல்லார் தலையும் ஆடியது. எதிரில் அரசு வக்கீலம்மா எதையோ அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு நாளில் கூட்டம். டிவிக்காரர்கள் வாசலில் குடை விரித்து நின்றார்கள். நீதிபதி ஒன்றரை மணி நேரம் வாசித்தார். பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்தது இது:

"மூன்றாம் சாட்சி இருசப்பன் நாற்பதாண்டு அனுபவமுள்ள உழைப்பாளி. இறந்தவரின் நண்பர். இருந்தும் அவர் நட்புக்காகப் பொய் பேசவில்லை. இந்த வழக்கில் இந்நீதிமன்றம் முழுமையாக நம்புகிற ஒரே சாட்சி அவர்தான். இறந்தவர் ஆயுதத்தோடு, வேகமாக, எதிரி நின்ற திசையில் வந்தார் என்பது அவர் வாக்கினாலேயே ஐயமற நிலைநாட்டப்படுகிறது. எதிரியை விடுதலை செய்கிறேன். சாட்சி இருசப்பனின் நேர்மையை இந்நீதிமன்றம் பாராட்டுகிறது."

கிருபாகரன் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். வாசலில் ஒரு டிவிக்காரர் என் வாய்க்கு நேராக மைக்கை நீட்டி, "கோர்ட்டே பாராட்டியிருக்கு, எப்படி ஃபீல் பண்றீங்க?" என்றார். தாகமாக இருக்கிறது என்று சொன்னேன். அதை அவர் போடவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அமராவதி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் பின் சீட்டில். அவள் ஏதாவது கேட்பாள் என்று கூனிமேடு வரைக்கும் பார்த்தேன். கேட்கவில்லை. நான்தான் பேச்சை எடுத்தேன்.

"சும்மா நின்னான்னு சொல்லியிருக்கலாம்மா. அந்தம்மா சொன்னாங்க. நான்தான் கேக்கல."

அவள் திரும்பவில்லை. "அவரு சும்மா நிக்க மாட்டாருண்ணே," என்றாள். அவ்வளவுதான். 

கோர்ட்டு, தீர்ப்பின் நகலைத் தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்பியிருந்தது. இப்படி ஒரு ஆபத்து அளங்களில் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது என்று அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். முன்னால் நடந்து உப்பு வாருவது எப்படி என்று சொல்லித்தர ஒருத்தர் வந்தார். அவர் சொன்னபடி தள்ளினோம். ரெண்டு நாளில் உப்பு சேறு நிறத்துக்கு வந்துவிட்டது. கிருபாகரனே வேண்டாம் என்றார். அடுத்த வாரம் இன்னொரு அதிகாரி வந்து ஷாமியானா போட்டுப் பேசினார்.

"ஒரு விலைமதிப்பில்லாத உயிர் போனதுக்கு அப்புறம் அரசாங்கம் சும்மா இருக்காது. லாரி ரிவர்ஸ் எடுத்தா ஹாரன் அடிக்குது இல்லையா? அதே மாதிரி, பின்னால வரும்போது நீங்க விசில் ஊதணும். குத்தகைதாரருக்கு எச்சரிக்கை கிடைக்கும். உங்க உயிருக்கும் பாதுகாப்பு. இதுக்கு மேல ஒரு அரசு என்ன செய்ய முடியும்?"

தண்ணீர் டிராக்டர் பற்றி ஒருத்தர் கேட்டார். அது வேறு டிபார்ட்மெண்ட் என்றார் அதிகாரி.

ஆளுக்கு ஒரு விசில் கொடுத்தார்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறோடு. விடிந்ததிலிருந்து அளம் முழுக்க விசில் சத்தம். உப்பை இழுக்கவும் மூச்சு வேண்டும், ஊதவும் மூச்சு வேண்டும். பக்கத்து ஏரிக்கு வருகிற பறவைகள் வேறு எங்கேயோ போய்விட்டன. ஒரு மாதத்தில் எங்களுக்கு அதுவும் பழகிவிட்டது.

அமராவதி இப்போது சுமை தூக்குவதில்லை. தனக்கோடியின் பாத்தியில் அவளே பலகை பிடிக்கிறாள். போன வாரம் ஒரு நாள் காலையில் அவள் உப்பை இழுத்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தாள். கிருபாகரன் வண்டியை நிறுத்திவிட்டு அந்த வரப்பில் ஏறி நின்று யாருக்கோ போன் பேசினார். விடுதலையானதும் துப்பாக்கியைக் கோர்ட்டு திருப்பிக் கொடுத்துவிட்டது. அது இடுப்பில் இருந்தது.

அமராவதி விசில் ஊதவில்லை.

கிருபாகரன் போனைக் காதிலிருந்து எடுத்தார். "விசில்," என்றார்.

அவள் வந்துகொண்டே இருந்தாள்.

"ஏம்மா, காதுல விழல? விசில் ஊது!"

பத்தடி. எட்டடி. மற்ற பாத்திகளில் விசில் ஒவ்வொன்றாக நின்றது. நாற்பது பேரும் நிமிர்ந்து பார்த்தோம். எனக்குக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. அமராவதியைக் கூப்பிடுவதா அவரைக் கூப்பிடுவதா என்று தெரியவில்லை. 

கிருபாகரனின் கை இடுப்புக்குப் போனது. அங்கேயே இருந்தது. அவர் எங்களைப் பார்த்தார், ஒவ்வொரு பாத்தியாக. ஐந்தடி. நான்கடி. அமராவதி திரும்பவே இல்லை. முதுகு நேராக அவரைப் பார்த்து வந்தது.

அவர் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டார்.

அமராவதியின் குதிகால் வரப்பில் தட்டியது. நின்றாள். அவர் நின்றிருந்த இடத்துக்கு நேர் கீழே உப்பைக் குவித்தாள். கிருபாகரன் போனைப் பார்த்தபடி வண்டிக்குப் போனார். ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் நேரம் ஆனது.

"அண்ணே," என்றாள் அமராவதி. தீர்ப்புக்கு அப்புறம் அவளாக என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "எவ்ளோ நவுந்தாரு?"

வரப்பைப் பார்த்தேன். ஈரமண்ணில் அவருடைய ஷூ தடம் ரெண்டு இடத்தில் தெளிவாக இருந்தது.

"ரெண்டடி இருக்கும்," என்றேன்.

அவளும் வந்து பார்த்தாள். 

"ரெண்டே அடியா," என்றாள். பலகையைத் தூக்கிக்கொண்டு பாத்தியின் அந்தக் கோடிக்கு நடந்தாள்.